ஒருத்திக்குக் கொடுத்தாயிற்று

ஒருத்திக்குக் கொடுத்தாயிற்று, அதில் சந்தேகமே இல்லை. மருந்து பாட்டில் திறந்து இருக்கிறது, அடுத்தவளுக்கு என்று அளந்து ஊற்றியது மூடியிலேயே ஜன்னல் கட்டையில் நிற்கிறது, ஆரஞ்சு நிறத்தில், ஒரு சொட்டும் சிந்தாமல். ஆகவே ஒருத்திக்குப் போயிருக்கிறது, ஒருத்திக்குப் போகவில்லை, இதுவரை வாதம் சுத்தமாக இருக்கிறது, எந்த நடுவரும் குறை சொல்ல முடியாது. யாருக்குப் போனது என்பதுதான் எப்சிபாவுக்குத் தெரியவில்லை. பால் பொங்கி அடுப்பில் வழிகிற தீய்ந்த வாசனை வந்ததும் மூடியைக் கட்டையில் வைத்துவிட்டு அடுக்களைக்கு ஓடினாள், அடுப்பை அணைத்தாள், வழிந்ததைத் துணியால் ஒற்றினாள், விரலைச் சுட்டுக்கொண்டாள், ஊதிக்கொண்டே திரும்பி வந்தாள். இரண்டு நிமிடம் இருக்கும், மிஞ்சிப்போனால் மூன்று. அதற்குள் பாயில் இருந்த இரட்டைப் பிள்ளைகள் இரண்டு பேரும் ஒருத்தி மேல் ஒருத்தி உருண்டு, ஒருத்தி முகவாயை மற்றவள் நக்கி, இரண்டு வாயிலும் ஆரஞ்சுச் சாயம் ஏறி, வெள்ளை பனியனும் ஜட்டியுமாக அவளைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தார்கள். இவள் லீதியா, அவள் யூனிஸ். அதில் குழப்பம் இல்லை; தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வாள், முதுகைப் பார்த்துச் சொல்வாள், அடுத்த அறையிலிருந்து வருகிற தும்மலைக் கேட்டுச் சொல்வாள். ஆனால் சற்று முன் மடியில் கிடத்தி, கன்னத்தை இரண்டு விரலால் அழுத்தி, வாயைத் திறந்து மருந்தை ஊற்றினாளே, அந்த முகம் யாருடையது என்பது மட்டும் நினைவில் ஏறமாட்டேன் என்கிறது. கன்னம் நினைவிருக்கிறது, அதன் சூடு நினைவிருக்கிறது. முகம் இருக்க வேண்டிய இடத்தில் ஞானசெல்வி மதினியின் முகம் இருக்கிறது.

அதுதான் விஷயம். மருந்து ஊற்றுகிற நேரத்தில் அவள் மதினியோடு சண்டை போட்டுக்கொண்டிருந்தாள். மதினி அங்கே இல்லை, மூன்று வீடு தள்ளி அவள் வீட்டில் மீன் கழுவிக்கொண்டிருந்திருப்பாள். சண்டை போட எதிராளி எதிரில் நிற்க வேண்டும் என்கிற கட்டாயம் எப்சிபாவுக்கு எப்போதும் இருந்ததில்லை. கல்லூரியில் மூன்று வருடம் பட்டிமன்றம் பேசியவள். பல் துலக்கும்போதும், துணி காயப்போடும்போதும், கணவன் கிங்ஸ்லி அருகில் குறட்டை விட்டுக்கொண்டிருக்கும்போதும் யாராவது ஒருவரை மனதுக்குள் நிற்க வைத்து மடக்கிக்கொண்டே இருப்பாள், கடைசியில் மணி அடித்து நேரம் முடிந்தது என்று சொல்ல ஆள் இல்லாததால் சண்டை ஓயாது. நேற்றுச் சாயங்காலம் மதினி இரண்டு ரப்பர் வளையம் கொண்டுவந்தாள், சிவப்பு ஒன்று, பச்சை ஒன்று. கிங்ஸ்லியின் அக்கா அவள். திங்கட்கிழமையிலிருந்து பிள்ளைகளைப் பகலில் பார்த்துக்கொள்ளப் போகிறவள். திங்கட்கிழமைதான் எப்சிபா பல்கலைக்கழகத்துக்குத் திரும்புகிறாள், ஒன்றரை வருடத்துக்குப் பிறகு. பீடி சுற்றும் பெண்களைப் பற்றிய அவளுடைய ஆராய்ச்சி மூன்றாம் இயலில் கால் நீட்டிப் படுத்திருக்கிறது, நெறியாளர் இரண்டு தடவை கூப்பிட்டுக் கேட்டுவிட்டார். மதினி வளையத்தை நீட்டி, சிவப்பு லீதியாவுக்கு, பச்சை யூனிசுக்கு, கையில் கிடந்தால் எனக்கு லேசு, சோறு யாருக்கு ஊட்டினேன் யாருக்கு ஊட்டவில்லை என்று தெரிய வேண்டாமா என்று கேட்டாள். கேட்டது ஒரு தப்பும் இல்லை. எப்சிபாவுக்குத்தான் சுர்ரென்று ஏறியது. அவங்க என்ன பஸ் மேல ஏத்துற மூட்டையா, அடையாளம் போட? மூஞ்சியப் பாருங்க மதினி, வளையத்தப் போட்டா அப்புறம் யாரும் மூஞ்சியப் பாக்க மாட்டாங்க, வளையத்தத்தான் பாப்பாங்க. நீங்க பாத்துக்கிடுறதா இருந்தா இந்த ஒண்ணு மட்டும் எனக்கு வேணும் என்று சொன்னாள். மதினி எதிர்த்து ஒரு வார்த்தை பேசவில்லை. சரிட்டி, படிச்ச பிள்ள சொல்லுதே என்று வளையத்தைப் பர்ஸுக்குள் போட்டுக்கொண்டு போய்விட்டாள். வாதம் வைத்தவளை மேடையில் தனியாக நிற்க விட்டுவிட்டு எதிரணி வீட்டுக்குப் போவதைப் போல அநியாயம் உலகத்தில் உண்டா? அந்தச் சரிட்டியை ராத்திரி முழுவதும் மென்றாள், காலையில் இரண்டு பேருக்கும் உடம்பு காய்ந்தபோதும் மென்றாள், மருந்தை அளந்தபோது மறுபடி தொடங்கி, மடியில் கிடந்த பிள்ளையின் வாயைத் திறந்தபோது அவளுடைய ஆகச் சிறந்த வாக்கியத்துக்கு வந்து சேர்ந்திருந்தாள்: ஒவ்வொரு குழந்தையும் ஒரு தனி ஆள், நடுவர் அவர்களே, ஒருத்தியைப் பார்க்கிற நேரத்தில் அவளை மட்டுமே பார்க்க வேண்டும். அந்த வாக்கியத்தைச் சொல்லி முடித்துத்தான் மருந்தை ஊற்றினாள். எவளோ ஒருத்தி வாயில்.

சரி, பதறக் கூடாது, ஒழுங்காக யோசித்தால் கிடைத்துவிடும். நேற்று புதன்கிழமை, தடுப்பூசி நாள், ஒன்றரை வயது ஊசி இரண்டு பேருக்கும் போட்டாயிற்று, இன்றைக்குக் காய்ச்சல் வரும் என்று சொல்லித்தான் அனுப்பினார்கள், வந்திருக்கிறது. பத்து மணிக்கு அளந்தபோது லீதியாவுக்கு நூற்றொன்று, யூனிசுக்கு நூறு புள்ளி எட்டு. சூட்டிலும் ஒட்டிப் பிறந்ததுகள். முதலில் யாரை எடுத்திருப்பாள்? சூடு கூட இருந்தவளை, லீதியாவை, அதுதான் நியாயம். ஆனால் நியாயப்படி அவள் எதையாவது செய்துகொண்டிருந்த நேரமா அது? லீதியா மருந்துக்கு வாயைக் காட்டுவாள், யூனிஸ் துப்புவாள். கன்னத்தை அழுத்திப் பிடித்தது நினைவிருக்கிறது, அப்படியானால் யூனிஸ். ஆனால் அழுத்திப் பிடித்தது அவள் துப்புவாள் என்பதாலா, மதினியின் மேல் இருந்த கோபத்திலா? மடியில் கிடந்த பிள்ளை காலை உதைத்தது, உதைப்பது லீதியா. ஆனால் நேற்று ஊசி போட்ட சிஸ்டரின் மூக்குக் கண்ணாடியை உதைத்துக் கழற்றியது யூனிஸ். பனியனைப் பார்த்தாள், இரண்டிலும் கறை. குனிந்து வாயை முகர்ந்தாள், இரண்டிலும் ஆரஞ்சுமிட்டாய் வாசனை, அதோடு பால் வாசனை, காய்ச்சல் வாசனை, அதற்குள் யூனிஸ் அவள் மூக்கைப் பிடித்துக்கொண்டாள், விடுவித்துக்கொள்ள ஒரு நிமிடம் ஆயிற்று, அவ்வளவு பிடி. காய்ச்சல்காரிக்கு இவ்வளவு பிடி இருக்குமா? அப்படியானால் மருந்து இவளுக்குத்தான் போயிருக்கிறது. அதற்குள் மருந்து வேலை செய்யுமா, பைத்தியமே. கடைசியில் அவர்களையே கேட்டாள், பாயில் சம்மணம் போட்டு உட்கார்ந்து, முறையாக, சாட்சி விசாரிக்கிற மாதிரி. "யாரு மருந்து குடிச்சா?" "பாப்பா" என்றாள் லீதியா. "பாப்பா" என்றாள் யூனிஸ். ஒருத்தி மற்றவளைக் காட்டினாள், மற்றவள் இவளைக் காட்டினாள், பிறகு இரண்டு பேரும் தங்கள் தொப்பையைத் தட்டிக் காட்டினார்கள். இந்த வீட்டில் எல்லோரும் பாப்பா. கண்ணாடிக்குள் இருப்பவளும் பாப்பா, பிஸ்கட் டப்பாவில் சிரிக்கிறவளும் பாப்பா. தனி ஆள் தனி ஆள் என்று அவள் ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிகிறாள், சம்பந்தப்பட்டவர்கள் இரண்டு பேரும் அந்தக் கட்சியில் இன்னும் சேரவே இல்லை.

சிரிப்பு வந்தது, சிரிக்கலாமா என்று ஒரு கணம் யோசித்தாள், சிரித்தாள். போதகர் ஐயாவின் முகம் ஏன் இப்போது வருகிறது? ஞானஸ்நானம் கொடுத்த ஞாயிற்றுக்கிழமை. லீதியாவின் தலையில் தண்ணீர் ஊற்றி ஜெபித்து முடித்தார், பிள்ளை மதினி கைக்குப் போனது, மதினியிடமிருந்து சித்தப்பா கைக்கு, சித்தப்பாவிடமிருந்து யாரோ ஒரு தூத்துக்குடி அக்கா கைக்கு, வெள்ளைப் பட்டுச் சட்டைகள் இரண்டும் ஆள் மாறி ஆள் மாறிச் சுற்றி, அடுத்த பிள்ளை என்று ஐயா கை நீட்டியபோது மறுபடி லீதியாவே வந்து படுத்தாள். அவர் கையில் தண்ணீரை அள்ளிவிட்டார், யூனிஸ் என்று பெயரும் சொல்லத் தொடங்கிவிட்டார். எப்சிபா அங்கேயே, ஆராதனைக்கு நடுவே, முந்நூறு பேருக்கு முன்னால், "ஐயா, அது லீதியா. அவளுக்கு முடிஞ்சிட்டு" என்றாள். அவர் கை அப்படியே நின்றது, தண்ணீர் விரல் வழியாகச் சொட்டியது, பின்வரிசையில் யாரோ சிரித்து, அது முன்வரிசை வரை வந்தது. அதோடு விட்டாளா? பிரியாணிப் பந்தியில் அவரைப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டு, ஒரு பிள்ளைக்குப் பெயர் கொடுக்கிற நேரத்தில் அந்தப் பிள்ளையைப் பார்க்காமல் இருப்பது என்ன நியாயம் என்று கேட்டாள். பாவம், அவர் எலும்பைக் கையில் வைத்துக்கொண்டு ஆமாம்மா ஆமாம்மா என்றார். பெயருக்கும் சண்டைதான் போட்டாள். குடும்பமே பிளெஸ்ஸி, கிரேஸி என்றது, ஒரே மாதிரி முடிந்தால் கூப்பிட அழகாக இருக்கும் என்றது. யாருக்கு அழகு, கூப்பிடுகிறவர்களுக்கா, கூப்பிடப்படுகிறவர்களுக்கா என்று கேட்டு அடித்துத் தள்ளினாள். பஸ்ஸில் கேட்பார்கள், ரெட்டையா, எது மூத்தது, எது சேட்டை, எது நிறம். எது எது என்று கேட்காதீங்க, யாருன்னு கேளுங்க என்று திருத்துவாள், அவர்கள் அடுத்த நிறுத்தத்தில் எழுந்து வேறு இடம் பார்த்து உட்காருவார்கள். ஒட்டு வாழைப்பழம் தின்னியாம்மா என்று ஒரு பூக்காரம்மா கேட்டதற்கு, இல்ல, தனித்தனிப் பழமாத்தான் ரெண்டு தின்னேன் என்றாள், அந்தம்மா மட்டும்தான் சிரித்து ஒரு முழம் பூவைச் சும்மா கொடுத்தாள். இத்தனை பேரைத் திருத்தியவள். இப்போது போதகர் ஐயா அவள் பக்கத்தில் வந்து உட்கார்ந்துகொண்டு, என்னம்மா, பார்க்கவில்லையா என்கிறார், கையில் எலும்போடு.

நேரம் பத்தரை. மூடியில் இருப்பதைத் தவறானவளுக்குக் கொடுத்தால் அவளுக்கு இரட்டை வேளை. கொடுக்காமல் விட்டால் ஒருத்திக்குக் காய்ச்சல் ஏறிக்கொண்டே போகும். மதினிக்குத் தெரிந்தால் திங்கட்கிழமையிலிருந்து சிவப்பு, பச்சை, அதுகூடப் பரவாயில்லை, உனக்கே தெரியலையே, நீ இருக்கும்போதே இப்படின்னா என்று ஒரு வார்த்தை கேட்டால், கேட்காவிட்டாலும் கேட்கிற மாதிரி பார்த்தால், எந்த முகத்தோடு பையைத் தோளில் மாட்டிக்கொண்டு பஸ் ஏறுவது? போனை எடுத்தாள், இரண்டு வேளை மருந்து என்று தட்டினாள், ஈரல் என்று ஒரு சொல் வந்தது, அதற்குக் கீழே வலிப்பு என்று ஒரு சொல் வந்தது, போனைக் கவிழ்த்து வைத்தாள். கவிழ்த்து வைத்த பிறகும் இரண்டு சொற்களும் தரையில் ஊர்ந்தன. லீதியா அந்தக் கவிழ்ந்த போனை எடுத்துக் காதில் வைத்து, "அலோ, அப்பா, வா" என்றாள், யூனிஸ் பிடுங்கித் தன் காதில் வைத்து, ஒன்றும் சொல்லாமல் மண்டையை மட்டும் ஆட்டினாள், கிங்ஸ்லி போனில் ஆட்டுவது போலவே, ஊம், ஊம், ஊம். கிங்ஸ்லியைக் கூப்பிடலாமா? துறைமுகத்தில் இருப்பான், கிரேன் சத்தத்தில் பாதி கேட்கும் பாதி கேட்காது, முதலில் அக்காவைக் கூப்பிடு என்பான், அத்தனை பிரச்சினைக்கும் அவனிடம் ஒரே விடை. ஜன்னல் கட்டையில் எறும்பு வந்துவிட்டது. ஒன்று மூடியின் விளிம்பில் ஏறி நின்று உள்ளே எட்டிப் பார்த்தது, இனிப்பு வாசனையை நம்பி இறங்கலாமா வேண்டாமா என்று அதுவும் யோசித்தது. இரண்டாவது எறும்பு வந்து அதை முட்டியது. போங்க, உங்களுக்கு யார் முதலில் என்று நான் சொல்ல முடியாது. மூடியில் இருந்ததைக் கழுவுதொட்டியில் ஊற்றினாள். ஊற்றிய கணத்தில் நெஞ்சு கொஞ்சம் லேசானது. இனி ஊகத்தில் கொடுக்கிற ஆசை வராது. ஊசி அட்டையில் சிஸ்டரின் நம்பர் இருக்கிறது. அதைக் கையில் எடுத்து வைத்துக்கொண்டு, யூனிசிடமிருந்து வாங்கிய போனை அழுத்தாமல் ஐந்து நிமிடம் நின்றாள். நேற்று அந்தச் சிஸ்டரையும்தான் திருத்தினாள். அட்டையில் இரட்டை ஒன்று, இரட்டை இரண்டு என்று எழுதப் போனவரைத் தடுத்து, பேர் இருக்கு, பேரை எழுதுங்க என்றாள்.

அமலோற்பவம் சிஸ்டர் இரண்டாவது மணியிலேயே எடுத்துவிட்டார், பின்னால் ஏதோ ஒரு பிள்ளை உயிர் போகிற மாதிரி கத்திக்கொண்டிருந்தது. எப்சிபா முதலில் முன்னுரை கொடுத்தாள், பால் பொங்கியது, விரல் சுட்டது, இரண்டு நிமிடம்தான். சிஸ்டர் முன்னுரையைத் தாண்டி நேராகக் கேட்டார், ஒருத்திக்குக் குடுத்துட்டு யாருன்னு மறந்துட்டீங்க, அப்படித்தானே? அப்படித்தான். இந்த ஊரில் இரட்டைப் பிள்ளை வைத்திருக்கிற யாரும் செய்யாத காரியம் இல்லை என்பது போல இருந்தது குரல், ஆச்சரியமே இல்லை, அந்த ஆச்சரியமின்மையில் அவளுக்குக் கண் கலங்கியது, அழுகையா ஆறுதலா என்று பார்த்துக்கொண்டிருக்க நேரமில்லை. விளையாடுதாங்களா என்று கேட்டார். இந்தப் போனுக்குத்தான் சண்டை போடுறாங்க. தண்ணி குடிக்காங்களா? குடிக்காங்க. "அப்ப பயப்படாதீங்கம்மா. ஊகத்துல மட்டும் குடுத்துராதீங்க. வெதுவெதுன்னு தண்ணி வச்சு ரெண்டு பேரையும் தொடச்சு விடுங்க. ஆறு மணி நேரம் கழிச்சு சூடு இருந்தா ரெண்டு பேருக்கும் குடுங்க, அப்ப சரியா வந்துரும். சோர்ந்து படுத்தாலோ சூடு ஏறினாலோ உடனே இங்க தூக்கிட்டு வாங்க." நேரத்தைக் குறித்து வைத்துக்கொண்டாள், பத்தேகால், ஆகவே நாலேகால். நன்றி சொல்ல வாயெடுத்தபோது சிஸ்டர் அந்தப் பக்கம், அழாதடா ராசா முடிஞ்சிட்டு முடிஞ்சிட்டு என்று வேறு ஒருவனிடம் பேசிக்கொண்டே வைத்துவிட்டார்.

வெதுவெதுப்பான தண்ணீர். அடுப்பில் வைத்தாயிற்று. அப்போதுதான் அவளுக்கு அது உதித்தது. உதித்ததும் பெருமையாகக்கூட இருந்தது. மருந்து அரை மணி, முக்கால் மணி நேரத்தில் வேலை செய்யும். மருந்து போனவளுக்குச் சூடு இறங்கும், போகாதவளுக்கு இறங்காது. தண்ணீரே வேண்டாம், இருபது நிமிடம் தொடாமல் விட்டுவிட்டு அளந்தால் உண்மை தானாக வெளியே வந்துவிடும், எந்த மறதியும் மறைக்க முடியாது, யாருக்கும் எதையும் ஒப்புக்கொள்ள வேண்டியதும் இல்லை. மிச்சம் இருப்பவளுக்கு மருந்து கொடுத்து, பாட்டிலை மூடி, அலமாரியில் வைத்து, மதினி வந்து கேட்டால் ஆமா மதினி, ரெண்டு பேருக்கும் குடுத்தாச்சு. பொய்யும் இல்லை. எத்தனை அழகான ஆதாரம். இருபது நிமிடம்தான். தெர்மாமீட்டரைக் கையில் பிடித்துக்கொண்டு பாயில் உட்கார்ந்தாள், கடிகாரத்தைப் பார்த்தாள், தெருவில் ஒருவன் பழைய இரும்பு ஈயம் பித்தளை என்று போனான், லீதியா அவனுக்குப் பதில் குரல் கொடுத்தாள், அவன் ஜன்னலுக்கு வெளியே நின்று அவளுக்காக இன்னொரு தடவை கூவிவிட்டுப் போனான். மூன்று நிமிடம் ஆகியிருந்தது. யூனிஸ் மறுபடி கைக்குக் கிடைத்த போனை விட்டுவிட்டு, தள்ளாடி வந்து, எதுவும் கேட்காமல், அழாமல், நெற்றியை எப்சிபாவின் முழங்காலில் வைத்துச் சாய்ந்தாள். நெற்றி தோசைக்கல் மாதிரி இருந்தது, சேலை வழியாகவே சுட்டது. மருந்து போகாதவள் இவள்தானோ? அல்லது போய், இனிமேல்தான் இறங்கப் போகிறதோ? இன்னும் பதினேழு நிமிடம் பொறுத்தால் தெரியும். பதினேழு நிமிடம் இந்த நெற்றி இப்படியே இருக்க வேண்டும், உண்மை வெளியே வருவதற்காக. எந்த உண்மை, யாருக்கு வேண்டிய உண்மை? இவளுக்கு ஒன்றும் தெரிய வேண்டியதில்லை. இவளுக்குச் சுடுகிறது, அவ்வளவுதான். தெரிய வேண்டியது எனக்குத்தான், நான் மதினியிடம் தோற்காமல் இருப்பதற்கு. எழுந்தாள், இரண்டு பேரையும் இரண்டு இடுப்பில் தூக்கினாள், குளியலறையில் நீலத் தொட்டியில் தண்ணீரை விளாவினாள், முழங்கையை விட்டுப் பார்த்தாள், பனியன்களை உருவிப் போட்டாள், உட்கார வைத்தாள். ஆதாரம் முழுவதையும் துணியால் நனைத்து நனைத்துத் துடைத்தாள், கழுத்து, அக்குள், முதுகு, தொடை இடுக்கு, லீதியாவின் காதுக்குப் பின்னால் ஒட்டியிருந்த நேற்றைய சோற்றுப் பருக்கை. ஆறாவது நிமிடம் இரண்டு பேரும் தண்ணீரை அடிக்கத் தொடங்கிவிட்டார்கள். பத்தாவது நிமிடம் அவள் சேலை முழுக்க நனைந்துவிட்டது, மூக்கில் தண்ணீர், தெர்மாமீட்டர் எங்கோ தொட்டிக்குள். யூனிஸ் வாயில் தண்ணீரை வைத்துக்கொண்டு ஊதுவதற்கு இன்றைக்குத்தான் கற்றுக்கொண்டாள், யாரும் சொல்லித்தரவில்லை. லீதியா அதைப் பார்த்துவிட்டு அதேபோல் செய்யப் போய் தண்ணீரை விழுங்கிவிட்டு, தான் விழுங்கியதற்குத் தானே சிரித்தாள். தேடிப்பிடித்து அளந்தபோது இரண்டு பேருக்கும் தொண்ணூற்றொன்பது சொச்சம். சமம். இனி எந்த நீதிமன்றத்துக்குப் போனாலும் கண்டுபிடிக்க முடியாது.

மதினி வழக்கம்போல வாசலில் இருந்தே பேசிக்கொண்டு வந்தாள், சாளை மீன் இன்றைக்கு நல்ல புதுசு, அவியலாக வைத்திருக்கிறேன், பிள்ளைகளுக்குக் கஞ்சி தனியாக இருக்கிறது, நீ காலையில சாப்பிட்டியாட்டி, எங்கே யாரையும் காணோம். குளியலறையில் இருந்து எப்சிபா குரல் கொடுத்தாள். மதினி தூக்குவாளியை அடுக்களையில் வைத்தாள், அடுப்பில் தீய்ந்து ஒட்டியிருந்த பாலைப் பார்த்து ஒரு ச்ச் கொட்டினாள், முன்னறைக்கு வந்தாள், பாட்டில் திறந்து கிடப்பதையும் மூடி காய்ந்து கிடப்பதையும் பார்த்திருக்க வேண்டும். குளியலறை வாசலில் வந்து நின்றபோது அவள் ஒரு கையில் பாட்டில், ஒரு கையில் மூடி. பால் பொங்கினதுல மருந்த மறந்துட்டே போல, நான் குடுத்துருதேன், நீ ஈரத்த மாத்து என்றாள். சொல்லிக்கொண்டே மூடியில் சாய்த்துவிட்டாள். ஆரஞ்சு நிறம் மூடியில் ஏறியது.

இப்போது ஒரு வார்த்தை போதும். குடுத்தாச்சு மதினி. இரண்டு பேருக்கும் குடுத்தாச்சு. மதினி சரிட்டி என்பாள், எதற்கும் சரிட்டி என்பவள்தானே, பாட்டிலை மூடி வைத்துவிடுவாள். திங்கட்கிழமை பத்திரமாக இருக்கும். அப்புறம் இன்னொரு வியாழக்கிழமை வரும், எப்சிபா எங்கேயோ ஒரு கிராமத்தில் பீடி சுற்றுகிற அக்காவிடம் கேள்வி கேட்டுக்கொண்டிருப்பாள், இங்கே பால் பொங்கும், மதினி மூடியைக் கையில் பிடித்துக்கொண்டு நிற்பாள், இரண்டு ஆரஞ்சு வாய்கள் அவளைப் பார்த்துச் சிரிக்கும். போன் போடுவாளா? மூஞ்சியப் பாருங்க என்று சட்டம் போட்டவளுக்குப் போன் போட்டு, பார்க்கவில்லை என்று சொல்லுவாளா? சொல்ல மாட்டாள். ஊகத்தில் கொடுத்துவிடுவாள். யாராக இருந்தாலும் கொடுத்துவிடுவார்கள், அப்படி ஒரு சட்டத்துக்குக் கீழே நின்றால்.

"குடுக்காதீங்க மதினி. ஒருத்திக்குக் குடுத்தாச்சு."

"யாருக்கு?"

"தெரியல."

அந்தச் சொல் வெளியே வந்து குளியலறைச் சுவரில் பட்டுத் திரும்பி அவள் காதிலேயே விழுந்தது, யாரோ புதிய ஆள் பேசியது போல. பட்டிமன்றத்தில் ஒருநாளும், நேர்முகத்தேர்வில் ஒருநாளும், கிங்ஸ்லியிடம் கல்யாணமான மூன்று வருடத்தில் ஒருநாளும் சொன்னதில்லை. மதினி மூடியைப் பார்த்தாள், அவளைப் பார்த்தாள், தொட்டிக்குள் இருந்த இரண்டு பேரையும் பார்த்தாள். எப்சிபா முழுவதையும் சொன்னாள். நான் மூஞ்சியப் பாக்கல மதினி, மனசுக்குள்ள உங்களோட சண்டை போட்டுக்கிட்டு இருந்தேன், அதையும் சொன்னாள். சிஸ்டர் சொன்னது, நாலேகால் மணி, எறும்பு, எல்லாம். மதினி மூடியில் இருந்ததைத் திரும்பப் பாட்டிலுக்குள் ஊற்றி, திருகி மூடி, கவிழ்த்துப் போட்டிருந்த வாளியின் மேல் மெல்ல உட்கார்ந்தாள். தோள் குலுங்கியது. கோபம் என்றுதான் எப்சிபா முதலில் நினைத்தாள். சிரிப்பு, சத்தமே வராமல், கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரிக்கிற சிரிப்பு.

"எங்கூடச் சண்டையா? நான் மீனல்லா கழுவிக்கிட்டிருந்தேன்." மறுபடி துடைத்துக்கொண்டாள். "எட்டி, வளையம் போட்டிருந்தாலும் நீ பாத்திருக்க மாட்டியே."

எப்சிபா பதிலுக்கு வாயைத் திறந்தாள். அது அவளுடைய வாதம். வளையத்தால் பயனில்லை, பார்க்கிற கண்தான் வேண்டும், அவள் ராத்திரி முழுவதும் தேடியும் கிடைக்காத சான்று, எதிரணியே எடுத்துக் கையில் கொடுத்துவிட்டது, அதை வைத்துக்கொண்டு ஜெயிக்கவும் முடியாது. வாயை மூடிக்கொண்டாள். மதினி அவளை மேலும் கீழும் பார்த்தாள், சொட்டச் சொட்ட நிற்கிறவளை, ஏதோ ஒரு கணக்கு முடிந்த மாதிரி.

"திங்கக்கிழம நீ பாட்டுக்குப் போ. ஆனா ஒண்ணு. நானும் ஒருநா உனக்குப் போன் போட்டுத் தெரியலன்னு சொல்லுவேன். அப்ப நீ எனக்குப் பட்டிமன்றம் போடப்படாது."

"போட மாட்டேன்."

"மனசுக்குள்ளயும்."

மனதுக்குள் என்பது பெரிய இடம், அங்கே ஆள் வைத்துக் காவல் காக்க முடியாது, இப்போதே ஒரு மூலையில், அதெப்படி மனதுக்குள் பேசுவதை ஒருவர் தடை செய்ய முடியும் நடுவர் அவர்களே என்று யாரோ எழுந்துகொண்டிருந்தார்கள். உட்கார் என்றாள் அந்த ஆளிடம். முயற்சி பண்ணுதேன் மதினி என்றாள். மதினிக்கு அது போதுமானதாக இருந்தது போலும். சேலையை முழங்காலுக்கு ஏற்றிச் செருகிக்கொண்டு துவைத்த துண்டு எங்கே இருக்கிறது என்று கேட்டு எழுந்து போனாள். கொடியில் எது காய்ந்தது எது காயாதது என்று அங்கிருந்தே விசாரித்துக்கொண்டிருந்தாள், பதில் சொல்ல ஆளில்லை. எப்சிபா தொட்டிக்குப் பக்கத்தில் ஈரத் தரையிலேயே உட்கார்ந்து, முகவாயை விளிம்பில் வைத்து, முதன்முதலாகப் பார்க்கிறவளைப் போல இரண்டு பேரையும் பார்த்துக்கொண்டிருந்தாள். ஒருத்தி மூக்கு நுனியில் ஒரு துளி தொங்குகிறது, விழவில்லை. இன்னொருத்தி மஞ்சள் மக்கைத் தண்ணீருக்குள் அமுக்கிப் பிடித்து, விட்டு, அது குபுக்கென்று மேலே வருவதைப் பார்த்து வியந்து, மறுபடி அமுக்குகிறாள். வியப்பு ஒவ்வொரு தடவையும் புதிதாக வருகிறது. மூக்கில் துளி வைத்திருந்தவளுக்கு அந்த மக் வேண்டும். கை நீட்டினாள். கிடைக்கவில்லை. ஒரு கணம் உதடு பிதுங்கியது, பிறகு பிதுங்கியதை உள்ளே இழுத்துக்கொண்டு, யோசித்து, இரண்டு கையாலும் மக்கைப் பிடுங்கி, அதே வேகத்தில் எதிரில் இருந்தவளின் தலையில் டொக் என்று போட்டாள். அறை முழுக்க அலறல். அடித்தவளும் சத்தத்தில் பயந்து சேர்ந்து அழுதாள், இரண்டு வாயும் ஒரே அளவுக்குத் திறந்து, இரண்டு முகமும் ஒரே மாதிரி சிவந்து.

மதினி துண்டோடு ஓடி வந்தாள். "யாருட்டி அடிச்சது?"

"யூனிஸ்" என்றாள் எப்சிபா, கண்ணை எடுக்காமல். "நான் பாத்துக்கிட்டேதான் இருந்தேன்."